கோர்ட்டு ஏற்றச் சொன்ன கற்பூரம்

போன மாதம் தோ பாயோவில் என் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். இருவரும் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவர்கள். ஏதோ கருத்தரங்கு நடத்துகிறார்களாம். "மதமும் அரசாங்கமும் தனித்தனியா இருக்கணுமா, வேணாமா? அதான் அங்கிள் டாப்பிக். நீங்க பழைய ஆளு, ஒரு பேப்பர் எழுதிக் குடுங்க லா" என்றார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்து நாலு வருஷம் அடுத்தவன் சொன்னதை இன்னொருத்தனுக்குச் சொல்லியே சம்பளம் வாங்கினவன் நான். சொந்தமாகக் கருத்துச் சொல்லு என்றால் எங்கே போவேன்? முடியாது என்று சொல்லி, காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். அனுப்பின பிறகு மனசு கேட்கவில்லை. கருத்து கிடையாதுதான். ஆனால் ஒரு வழக்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் செத்துப்போனால் அது எனக்கே அடுக்காது.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் சேர்ந்தேன். சீனியர் கேம்பிரிட்ஜ் பாஸ், தமிழில் தடையில்லாமல் எழுதப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான் தகுதி. ஆறு மாதம் ஒரு மூலையில் உட்கார்ந்து மற்றவர்கள் மொழிபெயர்ப்பதைக் கேட்டேன். பரீட்சை எழுதினேன். ஒரு திங்கட்கிழமை காலை கூண்டுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். பயிற்சியைப் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை.

எங்களுக்குத் தலைமை மொழிபெயர்ப்பாளர் மஜீது பாய். நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து அவருடைய பாட்டனார் காலத்திலேயே கப்பலேறி வந்த குடும்பம். அராப் ஸ்திரீட்டில் அண்ணன் தம்பிகள் துணிக்கடை வைத்திருக்க, இவர் மட்டும் படித்து கோர்ட்டுக்கு வந்தார். கருப்புச் சொங்கோக் தொப்பி, வெள்ளைச் சட்டை, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. மொழிபெயர்க்கும்போது உட்கார மாட்டார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சாட்சி அழுதால் இவர் குரல் அழாது, சாட்சி கத்தினால் இவர் கத்த மாட்டார். ஆனால் சாட்சி "நான்" என்றால் இவரும் "நான்" என்றுதான் சொல்வார். "நான் அவனைக் குத்தினேன்" என்று அவர் ஆங்கிலத்தில் சாந்தமாகச் சொல்வதைக் கேட்டால் முதல் தடவை யாருக்கும் தூக்கிவாரிப் போடும்.

நாங்கள் தப்புச் செய்தால் திட்ட மாட்டார். மேசையில் இரண்டு விரலால் தட்டுவார், டக் டக் என்று. அதற்குத் திட்டே மேல். அவர் எங்களுக்குச் சொன்ன சட்டம் ஒன்றே ஒன்று: "கூட்டாதே, குறைக்காதே. வேற எதுவும் நமக்கு வேணாம்."

சாட்சி கூண்டில் ஏறினதும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வி பெயர். இரண்டாவது மதம். கிறிஸ்தவர் என்றால் கையில் பைபிளைக் கொடுப்போம். மற்றவர்களுக்குப் புத்தகம் கிடையாது, உறுதிமொழி வாசகம்தான். "நான் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை" என்று நாங்கள் சொல்லச் சொல்ல அவர்கள் திருப்பிச் சொல்லணும். ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லியிருப்பேன். பொய் சொல்ல வந்தவன்தான் வாசகத்தைக் கணீரென்று சொல்வான். உண்மை சொல்ல வந்தவனுக்கு நாக்கு குழறும்.

இது தவிர அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. வழக்காடுகிற ஒரு கட்சி எழுந்து, "எதிர்க்கட்சி இன்ன கோயிலில் இன்ன மாதிரி சத்தியம் செய்யட்டும், அதற்கு நான் கட்டுப்படுகிறேன்" என்று சவால் விடலாம். எதிர்க்கட்சி சம்மதித்தால் கோர்ட்டே அவர்களைக் கோயிலுக்கு அனுப்பிவைக்கும். கூடவே ஒரு அதிகாரியும் போய், சத்தியம் நடந்ததா என்று எழுதிக்கொண்டு வரணும். மறுத்தால், மறுத்ததையும் அதற்குச் சொன்ன காரணத்தையும் எழுதணும். தமிழ் ஆட்கள் வழக்கில் அந்த அதிகாரி பெரும்பாலும் நாங்கள்தான்.

மஜீது பாய் மட்டும் எந்தச் சத்தியத்துக்கும் துணை போக மாட்டார். ஒருதரம் வெள்ளைக்கார மாஜிஸ்திரேட் துரை கேட்டபோதே சொல்லிவிட்டார்: "பள்ளிவாசலுக்கு நான் தினம் அஞ்சு வேளை போறவன். ஆறாவது வேளை கோர்ட்டு அனுப்பிப் போறதா இல்லை." துரை சிரித்துவிட்டு வேறு ஆளை அனுப்பினார். அந்த வேறு ஆள் நான்தான். எனக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது, மறைப்பானேன்.

பெருமைக்குக் காரணம் ஒரு மாடு. பஃப்பலோ ரோட்டுப் பக்கம் மாட்டுக் கொட்டகை வைத்திருந்த இரண்டு பால்காரர்கள், ஒரு சினைப் பசு யாருடையது என்று மூன்று வாய்தா இழுத்தடித்தார்கள். கடைசியில் சவால். நான் அவர்களை சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் இருந்த சின்ன அம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வெற்றிலை மேல் கற்பூரத்தை ஏற்றி, "உள்ளங்கையால் அடித்து அணைத்து, பசு என்னுடையது என்று சொல்லு" என்றேன். கையை ஓங்கினவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். "ஐயோ தாயே, மாடு அவனதுதான்!" என்று ஒரே அலறல். மூன்று வாய்தாவில் கோர்ட்டு செய்ய முடியாததை அம்மன் ஒரு நிமிஷத்தில் முடித்துவிட்டாள் என்று ஆபீஸ் பூராவும் சொல்லித் திரிந்தேன்.

மஜீது பாய் டீயைச் சாசரில் ஊற்றி ஆற்றிக்கொண்டே கேட்டார். "அவன் பயந்தான் தம்பி, அவ்வளவுதான். பயந்தவன் பொய்யன், பயப்படாதவன் மெய்யன்னு வச்சுக்கிட்டா, நாளைக்கு ஒரு நல்லவன் பயந்தா என்ன செய்வே?"

"நல்லவன் எதுக்கு பாய் சாமிக்குப் பயப்படணும்?"

டீயைக் குடித்தார். "அரசாங்கத்துக்கு ஒரு வேலை இருக்கு, ஆண்டவனுக்கு ஒரு வேலை இருக்கு. இவரு தன் வேலையை அவரு தலையில கட்டக் கூடாது" என்றார். பெரியவர், ஏதோ பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டேன். திமிர்தான், வேறென்ன.

அதற்கு அடுத்த வருஷம் மரகதத்தின் வழக்கு வந்தது.

மரகதம் தேக்கா சந்தையில் மசாலா அரைக்கிறவள். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்து, மீனுக்கு வேறு, கோழிக்கு வேறு, பிரட்டலுக்கு வேறு என்று ஈர மசாலா அரைத்து இலையில் மடித்துக் கொடுப்பாள். என் மனைவியும் அவளிடம்தான் வாங்குவாள். இருபத்து மூன்று இருபத்து நாலு வயசு இருக்கும். விரலெல்லாம் மஞ்சள் ஏறி, கழுவினாலும் போகாத நிறம். கோர்ட்டுக்கு வந்த அன்றைக்கு அந்தக் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டே நின்றாள். இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை.

எதிரி தங்கவேலு. துறைமுகத்தில் கூலிகளுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. நாலு வருஷத்துக்கு முன்னால் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு வீட்டில், இரண்டு பேரைச் சாட்சியாக வைத்து மரகதம் கழுத்தில் தாலி கட்டியிருக்கிறான். எழுத்து கிடையாது, பதிவு கிடையாது. அந்தக் காலத்தில் நம் ஆட்கள் கல்யாணம் பாதி அப்படித்தான் நடந்தது. சாட்சிகளில் ஒருவர் செத்துவிட்டார், இன்னொருவர் இந்தியாவுக்குத் திரும்பிவிட்டார். இப்போது தங்கவேலுவுக்கு வசதியான இடத்தில் பெண் பேசியிருக்கிறார்கள். "இவ யாருன்னே எனக்குத் தெரியாது, புள்ளை என்னுது இல்லை" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டான்.

மரகதம் கேட்டதெல்லாம், இந்தப் பிள்ளைக்கு அப்பா அவன்தான் என்று கோர்ட்டு சொல்ல வேண்டும். பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கவேண்டிய இடம் காலி. ஜீவனாம்சத்தைப் பற்றி நான் கேட்டதற்கு, "அது கெடக்குங்க ஐயா, அரைச்சுப் பொழைச்சுக்குவேன். பேரு வேணும். பேரில்லாத புள்ளைன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது" என்றாள்.

அவளுக்கு வக்கீல் இல்லை. அவனுக்கு இருந்தார். வழக்கைக் கூப்பிட்டதும், அவள் கூண்டில் ஏறுவதற்கு முன்பே, அந்த வக்கீல் எழுந்து சவால் விட்டார். இந்தப் பெண் அம்மன் கோயிலில் பிள்ளையின் தலையில் ஒரு கையை வைத்து, மறு கையால் கற்பூரத்தை அணைத்து, தகப்பன் இவர்தான் என்று சத்தியம் செய்யட்டும். செய்தால் என் கட்சிக்காரர் பிள்ளையை ஏற்றுக்கொள்வார். செய்யாவிட்டால் மனுவைத் தள்ளிவிட வேண்டும்.

துரை நல்லவர். குடை சாய்ந்த வழக்கையும் பொறுமையாகக் கேட்பார். "அவளிடம் விளக்கிச் சொல்லுங்கள். யோசிக்க கால் மணி நேரம் தருகிறேன்" என்றார். நான் அவளை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ச் சொன்னேன். சொன்னதோடு நிறுத்தியிருக்கணும்.

அவள் முகம் வெளுத்துப்போச்சு. "புள்ளை தலையில கை வச்சா? கற்பூரத்தை அணைச்சா? கூண்டுல ஏறி எல்லாத்தையும் சொல்லத்தாங்க ஐயா நான் வந்தேன்."

"கூண்டுல ஏறினா அந்த வக்கீல் உன்னைக் கிழிச்சுத் தோரணம் கட்டிடுவார்ம்மா. சாட்சியும் இல்லே உனக்கு. இது ஒரு நிமிஷ வேலை. நீ உண்மையைத்தானே சொல்லப்போறே?"

"உண்மைதாங்க."

"அப்புறம் என்ன பயம்? அம்மன் இருக்கா. சரின்னு சொல்லு."

குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். பிறகு, "நீங்க படிச்சவங்க. நீங்க சொன்னா சரிங்க" என்றாள்.

மொழிபெயர்ப்பாளன் கட்சிக்காரருக்கு யோசனை சொல்லக் கூடாது. சொன்னால் வேலை போய்விடும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். நல்லது செய்கிறோம் என்கிற மிதப்பு. வழக்கு கையில் விழுந்த பழம் மாதிரி தெரிந்தது எனக்கு. எதிரி ஏன் தானே வந்து இப்படி ஒரு பழத்தைக் கொடுக்கிறான் என்று யோசிக்கிற புத்தி மட்டும் இல்லாமல் போச்சு. அவளோடு குடும்பம் நடத்தினவன் அவன். அவளைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அதே சந்துக் கோயில். மரகதம் தலைக்குக் குளித்து, ஈர முடியோடு வந்திருந்தாள். குழந்தைக்குப் புதுக் கவுன், நெற்றியில் திருநீறு. தங்கவேலு செருப்பைக் கழற்றிவிட்டு, தூணில் சாய்ந்து நின்றான். வக்கீலின் குமாஸ்தா, நான், பூசாரி. அவ்வளவு பேர்தான்.

பூசாரி வயசான பண்டாரம். கற்பூரத்தை எடுக்கும்போதே முணுமுணுத்தார். "கோர்ட்டுக் காயிதத்தோட வந்து சாமி முன்னால நிக்கிறீங்க. எனக்கு இது புடிக்கலை தம்பி." நான் உத்தரவுக் காகிதத்தைக் காட்டினேன். வெற்றிலையை வைத்து, கற்பூரத்தை ஏற்றினார்.

நான் வாசகத்தைச் சொன்னேன். மரகதம் குனிந்து குழந்தையின் தலையில் இடது கையை வைத்தாள். வலது கையை நீட்டினாள். அப்போதுதான் அது நடந்தது. அந்தக் குழந்தைக்குச் சத்தியம் தெரியுமா, கோர்ட்டு தெரியுமா? கற்பூரம் எரிந்தால் என்ன செய்யணும் என்று அம்மா சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரண்டு பிஞ்சுக் கையையும் சுடர் மேல் காட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டது. அப்புறம் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்து, நீயும் ஒற்றிக்கொள் என்பது போல் சிரித்தது.

மரகதத்தின் கை அப்படியே நின்றுவிட்டது. கற்பூரம் எரிந்து தானாகவே அணைந்தது.

மூன்று தடவை கேட்கணும் என்பது முறை. பூசாரி மறுபடி ஏற்றினார், மறுபடி கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டபோது அவள் குழந்தையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு அழுதாள். "புள்ளை கும்புட்ட சுடருங்க அது. அதை நான் எப்படிங்க அணைப்பேன்? நெசத்துக்குன்னாலும் அணைக்க மாட்டேன். புள்ளை தலையில சத்தியம் பண்ண மாட்டேன் ஐயா. அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போவேன்?"

தங்கவேலு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினான். முகத்தில் ஒரு ஆச்சரியமும் இல்லை. இதுதான் நடக்கும் என்று அவனுக்கு முதலிலேயே தெரியும்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆமாம், எரிச்சல்தான். நான் செய்துகொடுத்த நல்லதைக் கெடுத்துவிட்டாளே என்று. அங்கேயே முழங்காலில் அட்டையை வைத்து ஆங்கிலத்தில் எழுதினேன். சத்தியம் செய்யும்படி மூன்று முறை கேட்கப்பட்டது. மறுத்தார். காரணம்: "பிள்ளையின் தலையில் சத்தியம் செய்ய மாட்டேன்."

பூசாரி பக்கத்தில் வந்தார். "தம்பி, சத்தியம் பண்ணலைன்னா பொய்யின்னு அர்த்தமில்லே. பெத்தவ பயப்படுவா. நெசமான சத்தியமே குடும்பத்துக்கு ஆகாதும்பாங்க. அதையும் எழுதிக்குங்க."

"நீங்க சாட்சி இல்லை, பூசாரி" என்று சொல்லி பேனாவை மூடினேன்.

மத்தியானம் துரை படித்தார். "பாவம், கடைசி நேரத்தில் மனசாட்சி உறுத்தியிருக்கிறது. அதையாவது பாராட்ட வேண்டும்" என்றார். மனு தள்ளுபடி.

அதைத் தமிழில் சொன்னேன். மரகதத்துக்குப் புரியவில்லை. "என்னை இன்னும் ஒண்ணும் கேக்கலையே ஐயா. நான் பேசணுமே" என்றாள். அதையும் மொழிபெயர்த்தேன். "ஒப்புக்கொண்டதுதானே" என்றார் துரை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள். அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். திரும்பி ஒரு தடவை என்னைப் பார்த்தாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான் கதை. சாயங்காலம் மஜீது பாய் நான் எழுதின தாளை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"அவ அவ்வளவுதான் சொன்னாளா?"

நான் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன்.

"சொல்லு தம்பி."

புள்ளை கும்பிட்ட சுடர் என்றாள், நெசத்துக்குன்னாலும் அணைக்க மாட்டேன் என்றாள் என்று முழுசையும் சொன்னேன். "அது வழக்குக்குத் தேவையில்லைன்னு..." என்று இழுத்தேன்.

மேசையில் விரல் தட்டவில்லை. "குறைச்சிருக்கே" என்றார். "சட்டமே காரணத்தை எழுதச் சொல்லுது. அவ காரணத்தைச் சொன்னா, நீ பாதியை முழுங்கிட்டே. அந்தத் தொரைக்குக் கற்பூரம்னா என்னன்னு தெரியுமா? பாச்சை உருண்டைக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியாது அவருக்கு. தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான் அங்கே. நாளைக்குக் காலையில தொரை அறைக்குப் போய் முழுசையும் சொல்லு. வழக்கைத் திரும்ப எடுத்துப் பார்ப்பாரு, நல்ல மனுஷன்."

நான் போகவில்லை.

போயிருந்தால் துரை அவளைக் கூப்பிட்டு விசாரித்திருப்பார். ஏன் முதலில் சம்மதித்தாய் என்று கேட்டிருப்பார். துபாஷி ஐயாதான் சரின்னு சொல்லச் சொன்னாங்க என்று அவள் சொல்லியிருப்பாள். அவளுக்குப் பொய் வராதே. அந்த மாதம்தான் எனக்கு வேலை நிரந்தரமாக வேண்டும். வீட்டில் மனைவிக்கு ஏழு மாதம். என் பிள்ளைக்குச் சோறு வேண்டும் என்று இன்னொருத்தி பிள்ளையின் பேரை விட்டுவிட்டேன். அன்றைக்கு இப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை. துரை பிஸி, அடுத்த வாரம் பார்ப்போம் என்று சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் அதற்கு அடுத்த வாரமாச்சு. மஜீது பாய் மறுபடி கேட்கவே இல்லை. அவர் ஓய்வு பெறும்வரை என்னோடு மரியாதையாகத்தான் பேசினார். டீக்குக் கூப்பிடுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

தங்கவேலு அந்த வருஷமே கல்யாணம் செய்துகொண்டான். இரண்டு மூன்று வருஷத்தில் திருவிழாக் குழுவில் சேர்ந்து, பட்டுத் துண்டு போட்டு, வருகிறவர்களுக்கெல்லாம் திருநீறு எடுத்து நீட்டினான். நானும் ஒரு தடவை வாங்கிப் பூசிக்கொண்டேன். வேறு என்ன செய்வது?

என் மனைவியிடம் தேக்காவில் மரகதத்திடம் மசாலா வாங்காதே என்றேன். "ஏங்க, அவ அரைக்கிற மாதிரி வருமா?" என்றாள். காரணம் சொல்லவில்லை. வேறு கடை மசாலாவில் அவள் வைத்த மீன் குழம்பைப் பல வருஷம் சாப்பிட்டேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அந்த வராந்தா ஞாபகம் வரும்.

அதற்குப் பிறகு சத்தியத்துக்குப் போகச் சொன்னால் உடம்பு சரியில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வேன். கொஞ்ச காலத்தில் அந்த வழக்கமும் அருகிப்போச்சு. சந்துக் கோயிலும் ரோடு அகலப்படுத்தினபோது போய்விட்டது. சுயாட்சி வந்தது. ஒருத்தனுக்கு ஒருத்தி, கல்யாணம் எந்த மதத்தில் நடந்தாலும் பதிவு செய்யணும் என்று சட்டம் வந்தது. சாமி விஷயத்தில் அரசாங்கம் கையை வைக்கிறது என்று நம் ஆட்களில் சிலர் கத்தினார்கள். நான் கத்தவில்லை. மஞ்சள் கயிற்றோடு ஒரு காகிதமும் இருந்திருந்தால் மரகதம் கோர்ட்டுப் படி ஏறியிருக்க வேண்டாமே என்றுதான் நினைத்தேன்.

அறுபதுகளின் கடைசியில் என்னைச் சில மாதம் வேறொரு அரசாங்க அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். கல்யாணப் பதிவுக்கு வருகிறவர்களுக்கு மொழிபெயர்க்கிற வேலை. அதிகாரி ஒரு சீனப் பெண்மணி. சின்ன வயசு, சுறுசுறுப்பானவர். ஒரு நாள் காலையில் உள்ளே வந்தது மரகதம்.

முடி நரைக்கத் தொடங்கியிருந்தது. விரல் மட்டும் அதே மஞ்சள். பக்கத்தில் ஒரு பெண், பதினெட்டு வயசு. நல்ல உயரம், தங்கவேலு மூக்கு. அதைப் பார்த்த பிறகு எதற்கு ஐயா கற்பூரம்?

"துபாஷி ஐயாதானே?" என்றாள் மரகதம். நான் தலையாட்டினேன்.

மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லாரி ஓட்டுகிறவர். படிவத்தில் தகப்பன் பெயர் கேட்கிறார்கள், பிறப்புப் பத்திரத்தில் இல்லை. தாய் ஒரு உறுதிமொழி கொடுத்தால் எழுதிக்கொள்ளலாம் என்றார் அதிகாரி. தாளைத் தட்டச்சு செய்து என்னிடம் நீட்டி, படித்துக்காட்டச் சொன்னார்.

மரகதம் அறையைச் சுற்றிப் பார்த்தாள். மேசை, மின்விசிறி, ரப்பர் முத்திரை. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "கற்பூரம் எங்கங்க?" என்றாள்.

"அதெல்லாம் கிடையாதும்மா."

"புள்ளை தலையில கை வைக்கணுமா?"

"வேணாம்."

இருந்தாலும் அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "நீ வெளிய நில்லுடி" என்று மகளை அறைக்கு வெளியே அனுப்பினாள். கதவு சாத்தின பிறகுதான் என் பக்கம் திரும்பினாள். நான் வாசகத்தைப் படித்தேன். மரகதம் ஆகிய நான் மனமார உறுதி கூறுகிறேன், என் மகளின் தகப்பனார் பெயர்... அங்கே நிறுத்தினேன். "தங்கவேலு" என்றாள். உண்மை சொல்ல வந்தவள்தான், ஆனாலும் நாக்கு குழறவில்லை. பெருவிரலை மையில் ஒற்றி வைத்தாள். அதிகாரி முத்திரை குத்தினார். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

மதமும் அரசாங்கமும் தனித்தனியா என்று கேட்டீர்களே, பிள்ளைகளா. நான் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கோர்ட்டு செய்யவேண்டிய விசாரணையைக் கோயிலுக்குத் தள்ளினால், சாமிக்குப் பயந்தவள் தோற்பாள், பயப்படாதவன் பட்டுத் துண்டு போட்டுக்கொள்வான். அது ஒன்று. இன்னொன்றும் இருக்கிறது. தனியாக இருக்கட்டும் என்பதற்காக அடுத்தவர் நம்பிக்கை என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவனும் நியாயம் வழங்க முடியாது. அந்தத் துரைக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் சொல்லவில்லை.

மரகதம் விரலில் ஒட்டின மையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை அந்தக் குரலில்.

"இவ்வளவுதானாங்க ஐயா? அன்னிக்கே என்னை இப்படிக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அதிகாரி தலை நிமிர்ந்து, "என்ன சொல்கிறார்?" என்று கேட்டார்.

முப்பத்து நாலு வருஷ வேலையில் நான் தெரிந்தே பொய்யாக மொழிபெயர்த்தது ஒரே ஒரு வாக்கியம். "நன்றி சொல்கிறார், மேடம்" என்றேன்.

அந்தப் பெண்மணி மரகதத்தைப் பார்த்துச் சிரித்து, அதற்கென்ன, இது எங்கள் கடமைதானே என்றார். கூட்டாமல் குறைக்காமல், அதையும் நான்தான் அவளுக்குத் தமிழில் சொன்னேன்.